நாலா பச்சையான சனிக்கிழமை

பீ...ங்!

அந்த விசிலை மட்டும் அன்று காலை யாரும் ஊதாமல் இருந்திருந்தால், ஹைதராபாத் அல்வால் சாந்தி விஹார் காலனிக்கு இந்த வருஷம் பேசிப் பேசி மாய ஒரு விஷயமே இருந்திருக்காது.

பெர்சிஸ் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கயிறு கட்டிய ஸ்டீல் வாளியைக் கீழே ஓடும் நாலாவுக்குள் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். தூறலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை. விசில் காதுக்குள் பாய்ந்ததும் கை நழுவியது. முதலில் வாளி போனது. துணைக்குக் கயிறும் போனது.

"க்யா மேடம்! சுபே சுபே கைக்கு டால்ரே கச்ரா?"

திரும்பினாள். ஒரு இளைஞன். டிராக் பேன்ட், பளீரென்ற வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தொங்கும் விசில்... முகத்தில், காலங்காத்தாலேயே குப்பை கொட்ட வந்தவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமிதம்.

"கச்ரா நஹி டாலி. பானி லேரி தீ" என்று, குப்பை போடவில்லை என அதே ஹிந்தியில் சொல்லிவிட்டு, மாஸ்க்குக்குள்ளேயே தாய்மொழியில் ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டாள். "லூசு..."

அவன் முகம் மலர்ந்தே விட்டது.

"நீங்க தமிழா?"

"திட்டினா மட்டும் தமிழ் புரியுதோ?"

"எங்க வீட்டுல அதுக்குத்தாங்க தமிழே பேசுவாங்க. ஆமா... வாளியில என்ன கொட்டினீங்க?"

"கொட்டல. எடுத்தேன்."

"எதை?"

"தண்ணிய."

"இந்தத் தண்ணியவா?" பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தான். கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. "எதுக்குங்க? வீட்டுல தண்ணி வரலியா?"

பெர்சிஸ் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை அவன் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். நகரத்து ஓடைகளைக் கண்காணிக்கிற பிரிவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி. படித்தான். இன்னொரு தடவை படித்தான். விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டு மறைத்துக்கொண்டான்.

ஹைதராபாத்தில் ஓடையை ஓடை என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு மழைத்தண்ணீர் போவதற்காக இருந்த வழி. இப்போது அதில் போவது என்னவோ, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நாலா என்றால் நாலா. அதில் எவ்வளவு அழுக்கு, எங்கிருந்து வருகிறது, இன்னும் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பெர்சிஸின் வேலை.

"ஸாரிங்க. எங்க அப்பாதான் காலனி செகரட்டரி. நாலாவுல குப்பை போடுறவங்களப் பிடிக்க, வீட்டுக்கு ஒரு ஆள் காவல்னு முறை போட்டிருக்காரு. இன்னைக்கு எங்க வீட்டு முறை. நான் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர்... விசில் கைவசம் இருந்துச்சு..."

"ஊதிட்டீங்க."

"ஊதிட்டேன். இருங்க, வாளிய எடுத்துத் தாரேன்."

"ரப்பர் பூட்ஸ் இல்லாம இறங்காதீங்க!"

அதற்குள் இறங்கிவிட்டான். வெள்ளை ஷூ முதல் அடியிலேயே காணாமல் போனது. இரண்டாவது அடியில் முழங்கால். வாளியைத் தலைக்கு மேல் வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே வந்தபோது, முழங்கால் வரை ஆள் கறுப்பு.

"கைய நீட்டுங்க" என்றாள் பெர்சிஸ். தன் கேனில் இருந்து நல்ல தண்ணீரை ஊற்றி, சோப்பைக் கொடுத்தாள். "முழங்கை வரைக்கும். நகத்து இடுக்கு... இன்னும் நல்லா."

எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கழுவினான். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே அவனுக்குப் பார்க்கக் கிடைத்தது இரண்டே இரண்டு கண்கள்தான். மழைக்கு முந்திய வெளிச்சத்தில் தேன் நிறமாக, கொஞ்சம் கோபம் கொஞ்சம் சிரிப்பாக... கிடைத்ததை விடுவானேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கையப் பாத்துக் கழுவுங்க சார்."

"எல்வின்."

"கையப் பாத்துக் கழுவுங்க, எல்வின்."

வண்டியில் உட்கார்ந்து இதையெல்லாம் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய டிரைவரும் உதவியாளருமான லட்சுமணன், ஹாரனை ஒரு முறை மெல்லத் தட்டினார். தேவையே இல்லாத ஹாரன்.

தூறல் அப்போதுதான் ஆரம்பித்தது.

வண்டி கிளம்பிய பிறகுதான் பெர்சிஸுக்கு உறைத்தது. அவன் ஒரு தடவைகூட மூக்கைச் சுளிக்கவில்லை...

அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கக் கூடாது. நாச்சாரத்தில் அவளும் அம்மாவும் இருக்கிற வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் 'சயின்டிஸ்ட்' என்று கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். "என்ன சயின்டிஸ்ட்மா?" என்பார்கள். பெர்சிஸுக்குப் பூசி மெழுகத் தெரியாது. நாலாத் தண்ணீரை வாளியில் எடுப்பது என்று உள்ளதைச் சொல்வாள். கடைசியாக வந்த ஒரு அம்மாள், அவளோடு கைகுலுக்கிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கைக்குட்டையை எடுத்துத் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே பெர்சிஸ் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்: "இனிமே யாரும் வர வேண்டாம். என் கையப் பாத்து பயப்படாத ஆள் இருந்தா அவனா வரட்டும்."

வந்தான். முழங்கால் வரை சேறோடு.

அடுத்த சனிக்கிழமையும் பாலத்தில் எல்வின்தான் காவல். அதற்கடுத்த வாரமும் அவனே. மூன்றாவது வாரம் காலனிப் பையன் கௌஷிக் வீட்டு முறை. பாவம் கௌஷிக்குக்கு அன்று காலை அவசரமாகத் தூக்கம் வந்துவிட்டதாம், எல்வின் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டானாம். கல்யாணமாகாத ஒரு பி.டி. மாஸ்டருக்குச் சுற்றுச்சூழல் மீது திடீரென்று இவ்வளவு அக்கறை பொங்கினால் தெரு சும்மா இருக்குமா? மொட்டை மாடிகளில் சனிக்கிழமை காலை துணி காயப் போடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. துணி மட்டும் அவ்வளவு இருந்த மாதிரி தெரியவில்லை.

"இன்னைக்கு எப்படிங்க இருக்கு நம்ம நாலா?" பிளாஸ்கில் இருந்து டீயை ஊற்றியபடி கேட்பான்.

அவள் நீளமான கம்பி மாதிரி ஒரு கருவியைத் தண்ணீருக்குள் விட்டு, எண்ணைப் பார்ப்பாள். "ஆக்ஸிஜன் போன வாரத்துக்கு இப்ப தேவல."

"ஜுரம் எதுவும் இல்லியே?"

"சும்மா இருங்க... அதோ, அந்தக் கல்லுகிட்ட பாருங்க. தெரியுதா? சிவப்பா, நூல் மாதிரி."

"புழு."

"புழுன்னு சொல்லாதீங்க. இவ்ளோ அழுக்கிலயும் செத்துப்போகாம இருக்குதே... இதுங்க இருக்கற வரைக்கும் நாலாவுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். மேல இருந்து வர்ற கழிவ நிறுத்தினா போதும், ஒரு மழைக்காலத்துல மீன் வந்துடும். கொக்கு வரும். நான் வேற ஒரு நாலாவுல பாத்திருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எல்வினுக்கு உயிரியலில் எப்போதும் ஜஸ்ட் பாஸ்தான். ஆனால் அந்தப் புழுவை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே... அப்படி ஒரு மரியாதையைப் புழு வர்க்கம் அதுவரை கண்டிருக்காது.

கையுறை போட்ட கையால் டீயை வாங்க முடியாது. காகிதக் கப்பை அவன்தான் பிடித்துக்கொள்வான். மாஸ்க்கை இறக்கி அவள் ஒரு மடக்கு குடிப்பாள். "மேடம், ஏழரை ஆச்சு, அடுத்த பாலம் இருக்குது" என்று லட்சுமணன் வண்டியில் இருந்து கத்துவார். "ஹவ் பையா, ஏக் மினிட்!" என்று எல்வின் பதில் கத்துவான். கேட்டது அவனையா என்ன?

இப்போது எல்வினின் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஏனோக் அங்கிள் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மயிரிழை பிசகின ஒரு திருகாணியைக்கூட அவர் விட்டது கிடையாது. சிவப்பு பெயின்டைத் தொட்டு ஒரு பெருக்கல் குறி போட்டு 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடுவாராம். வேலை முடிந்துவிட்டாலும் அந்த பெயின்ட் டப்பா மனதுக்குள் அப்படியே இருந்தது. காலனியில் யார் வீட்டு கேட் கோணல், யார் பிள்ளைக்குக் கிராப்பு சரியில்லை, எல்லாம் ரிஜெக்ட். பூர்வீகம் தமிழ்நாட்டுத் தெற்கே நாசரேத் பக்கம். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பேச்சு அப்படியே கூட இருந்தது.

பெர்சிஸைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தச் சபைம்மா நீ?"

சொன்னாள். அவரும் அதே சர்ச் பிரிவுதான்; முகம் விரிந்தது. "லோயிஸ்! நம்ம பிள்ளதான். அச்சுமுறுக்கு எடுத்துட்டு வா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

அச்சுமுறுக்கு வந்தது. கூடவே ஏனோக்கின் மனுக்கள் அடங்கிய கனமான ஃபைலும் வந்தது. எல்லாம் ஒரே பிராது. நாலா நாறுகிறது, காரணம், கரையோரம் இருக்கும் பூபாலனின் எருமைக் கொட்டகை, அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

"வர்ற சனிக்கிழம அதிகாரி நேர்ல வாராரு. ஆர்டர் போட்டுருவாரு. நீ அந்தக் கொட்டகைதான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு, போதும்."

"பாத்துட்டுத்தான் அங்கிள் எழுதணும்."

"பாரு, பாரு. நல்லாப் பாரு. எனக்குப் பாக்காமலே தெரியும்."

பெர்சிஸ் பார்த்தாள். அவள் பார்க்கிற விதம் வேடிக்கையானது. ஒரு சின்னப் பொட்டலத்தில் செங்கல் நிறத்துப் பொடி. தண்ணீரில் ஒரு சிட்டிகை பட்டால் போதும், ரேடியம் பச்சையாக ஜொலிக்கும். யாருக்கும் எதற்கும் கெடுதல் இல்லாத சாயம். ஒரு வீட்டுக் கழிவறையில் அதைக் கரைத்து ஊற்றி ஃப்ளஷ் செய்துவிட்டு, ஒரு ஆள் தெருவில் சாக்கடை மேன்ஹோலைத் திறந்து பார்ப்பார். இன்னொரு ஆள் நாலாவைப் பார்ப்பார். மேன்ஹோலில் பச்சை வந்தால் வீடு சரியாக இணைக்கப்பட்டிருக்கிறது. நாலாவில் வந்தால்... கதை வேறு.

பூபாலன் கொட்டகைத் தண்ணீரில் கரைத்தார்கள். பச்சை மேன்ஹோலில் வந்தது. நாலா கறுப்பாகவே இருந்தது.

"நாந்தான் சொன்னனே மேடம்" என்றார் பூபாலன். "சாணிய நான் நாலாவுல விடல. குழி இருக்குது, எருவா விக்கறேன். கொட்டகய எடுத்துட்டா இந்த எருமைங்கள ஓட்டிக்கிட்டு நான் எங்க போறது? ஃபிளாட்டுக்கா?"

பிறகு வீடு வீடாகச் சோதனை. எல்லா வீட்டிலும் சம்மதித்தார்கள். அடுத்த வீட்டுக் கழிவறை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒவ்வொன்றாக மேன்ஹோலில் பச்சை. மிச்சம் ஏனோக் வீடு.

"என் வீட்டுக்கு எதுக்கும்மா?" ஏனோக் சிரித்தார். "நானே நின்னு கட்டுன வீடு. மாடி எடுத்தப்ப ஓடு பதிச்சதக்கூட ரசமட்டம் வச்சுப் பாத்தவன். சாயத்தைக் கொண்டுபோய் வேற எங்கயாவது ஊத்து. இந்தா, முறுக்கு சாப்பிடு."

பெர்சிஸ் முறுக்கைச் சாப்பிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டாள். 'இருக்காது... இவ்வளவு கறாரான மனுஷர் வீட்டில் எப்படி இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மைக் காரணம் முறுக்கும் இல்லை, ரசமட்டமும் இல்லை என்று அவளுக்கே தெரியும். எதிரே மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைப் பத்தாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தது அந்தக் காரணம்.

அந்தக் காரணம் வண்டி வரைக்கும் கூடவே வந்தது.

"உங்களுக்கு மனசுல உறுத்துது இல்ல?" என்றான் எல்வின்.

"எப்படித் தெரியும்?"

"முறுக்க நீங்க கடிச்ச மாதிரி தெரியல. முழுங்கின மாதிரி இருந்துச்சு. ஒரு பொட்டலம் குடுங்க. மாடியில என் பாத்ரூம்ல நானே ஊத்துறேன். வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு. நீங்க பாலத்துல நில்லுங்க. ஒண்ணும் வராது. நிம்மதியா எழுதலாம். அப்பாவுக்கும் தெரிய வேண்டாம்."

சட்டப்படி சரியா என்று ஒரு நொடி யோசித்தாள். பொட்டலத்தைக் கொடுத்தாள். "ஒரு சிட்டிகை போதும்" என்றாள். கை கையில் பட்டது. கையுறை இருந்தது. இருந்தும்...

வெள்ளிக்கிழமை ஏழு மணி. பெர்சிஸ் பாலத்தில் நின்றாள். நாலாவில் பச்சை இல்லை. எட்டு மணி வரை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். போனில் அவனைக் கேட்டிருக்கலாம். ஆனால் சாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து வேறு எதில் போய் முடியுமோ என்ற வெட்கத்தில் கேட்கவில்லை.

அங்கே மாடியில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. சாந்தி விஹாருக்கு நகரத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வெள்ளிக்கிழமை வராத நாள், மாடித் தண்ணீர் டேங்க்கும் காலி. ஃப்ளஷ்ஷை அழுத்தினால் இருமியது. சரி, நாளைக்குத் தண்ணீர் வந்ததும் ஊற்றிவிட்டு அவளிடம் நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம், அதுவும் பேச ஒரு சாக்குதானே என்று அந்தப் புத்திசாலி போய்த் தூங்கிவிட்டான்.

சனிக்கிழமை.

பாலத்தில் திருவிழாக் கூட்டம். அதிகாரி வந்திருந்தார். ஏனோக் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஃபைலோடு நின்றார். எதிரே பூபாலன் கைகட்டி நின்றார். பெர்சிஸ், கொட்டகையில் குற்றம் இல்லை என்று அதிகாரியிடம் ஆரம்பித்திருந்தாள்.

"அப்ப நாத்தம் எங்க இருந்து வருது?" ஏனோக் குறுக்கே வந்தார். "ஆகாசத்துல இருந்தா? சார், ஐ வில் டெல் யூ. இந்தக் காலனியில ஒவ்வொரு வீடும்—"

"அங்கிள்..." யாரோ சொன்னார்கள்.

"இருல, பேசிக்கிட்டிருக்கேன்லா. ஒவ்வொரு வீடும் முறைப்படி கட்டினது. அழுக்கு பண்றவன் இந்தா, இங்க நிக்கான்—"

"அங்கிள்! நாலா!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஏனோக் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்குக் கீழே, மழைத்தண்ணீர் குழாயின் வாயில் இருந்து, பச்சை வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு கீற்று. அப்புறம் அம்மாடி... கிளிப்பச்சையாக, பளபளவென்று, கறுப்பைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்து, பூபாலனின் கொட்டகையைத் தாண்டிப் போனது. ஒரு சிட்டிகை போட்ட பச்சையில்லை அது. சிட்டிகையில் தெரியுமோ தெரியாதோ என்று முழுப் பொட்டலத்தையும் கவிழ்த்தவனின் பச்சை. ஒரு எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனது.

யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். மொட்டை மாடிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்குப் பின்னால் நன்றாகவே சிரித்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து எல்வின் ஓடி வந்தான். பத்து விரலும் பச்சை. "வந்துச்சா? வரல இல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், நாலாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

ஏனோக்கின் முகத்தில் ரத்தம் இல்லை. மகனைப் பார்த்தார். அவன் விரல்களைப் பார்த்தார். பிறகு பெர்சிஸை.

"எம் பிள்ளைய வச்சே என் வீட்டுல வேவு பாத்தியாம்மா?"

"அப்பா, நான்தான் கேட்டு—"

"நீ பேசாத."

பெர்சிஸ் ஓரடி முன்னால் வந்தாள். 'அவன்தான் கேட்டான்' என்று சொன்னால் தப்பிக்கலாம். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயத்த நான்தான் குடுத்தேன் அங்கிள். முதல்லயே உங்க வீட்டையும் எல்லாரையும் போல டெஸ்ட் பண்ணியிருக்கணும். பண்ணாம விட்டது என் தப்பு. அதையும் சேத்துத்தான் எழுதப்போறேன்."

"எழுது. நல்லா எழுது. ஆனா இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது.

எல்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெர்சிஸ் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளையோடு டீ குடித்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது.

"இனிமே காவலுக்கு வராதீங்க, எல்வின்."

"பெர்சிஸ்..."

"கையக் கழுவுங்க. அந்தக் கலர் சீக்கிரம் போகாது."

அன்றைக்கு வண்டிக்குள் லட்சுமணன் ஹாரன்கூட அடிக்கவில்லை.

அறிக்கை போனது. பூபாலனுக்கு வந்த ஆபத்து நீங்கியது. சனிக்கிழமைகள் மட்டும் சப்பென்று ஆகிவிட்டன. பாலத்தில் கௌஷிக் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். பெர்சிஸ் வருவாள், வாளியை இறக்குவாள், எண்ணைக் குறிப்பாள், போவாள். மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள். பார்க்காமல் இருக்க அவள் படுகிற பாடு எதிர் வீட்டு மாடியில் இருந்தே தெரிந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒருவன் நிற்பதும் தெரிந்தது.

'கைக்கு பயப்படாத ஆள் வந்தான்... நானே அனுப்பிவிட்டேன்' என்று இரவெல்லாம் புரண்டாள் என்று அவள் அம்மா யாரிடமோ சொல்ல, அது எப்படியோ நாச்சாரத்தில் இருந்து அல்வால் வரைக்கும் வந்து சேர்ந்தது. வராமல் எங்கே போகும்?

ஏனோக் வீட்டில்தான் எதிர்பாராத வேலை நடந்தது. அந்தப் பச்சை சனிக்கிழமை சாயங்காலமே மனுஷர் பழைய சிவப்பு பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். ஏணி போட்டு இறங்கி, தன் வீட்டுக் குழாயின் வாயிலேயே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ரிஜெக்ட்.

மறுவாரம் ஆள் வைத்து முன்வாசலை உடைத்தார். அவருடைய ரோஜாப் பாத்தி போனது; கோலி மாதிரி வழவழப்பாக இழைத்த சிமென்ட் தரை போனது. உள்ளே கதை தெரிந்தது. மாடிக் குளியலறை கட்டின காலத்தில், சபைக் கன்வென்ஷனுக்காக அவர் ஊரில் இல்லாத மூன்று நாளில், கொத்தனார் பள்ளம் தோண்டச் சோம்பல்பட்டு, கழிவுக் குழாயைப் பக்கத்தில் இருந்த மழைத்தண்ணீர் குழாயிலேயே செருகியிருக்கிறார். ஓடு ஓடாக ரசமட்டம் வைத்தவர், மண்ணுக்குள் போனதைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷமாக நாலாவைப் பற்றி மனு எழுதியவரின் மாடிக் கழிவறைதான் நாலாவுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

புதுக் குழாய் பதித்து முடித்ததும் காலனிக்குள் இரண்டு செய்திகள் ஓடின. ஒன்று, ஏனோக் தானே நடந்து கொட்டகைக்குப் போய், பூபாலனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தினமும் ஒரு லிட்டர் பால் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு, பெர்சிஸின் ஆபீசுக்கு போன் பண்ணினார்.

"மறு டெஸ்ட் போடணும். வேற யாரையும் அனுப்பாதீங்க. கண்டுபிடிச்சவதான் வந்து பாஸ் போடணும். வேற ஆள் போட்டா நான் ஒத்துக்கிட மாட்டேன்."

பெர்சிஸ் வந்தாள். வெயில் அடித்துக்கொண்டே தூறல் போட்ட காலை. பாலத்தில் மறுபடியும் கூட்டம்; இந்த முறை யாரும் துணி காயப் போடுகிற பாசாங்குகூடச் செய்யவில்லை. மேன்ஹோலைத் திறந்து வைத்துக்கொண்டு பூபாலன் குந்தியிருந்தார். ஏனோக் நாலாப் பக்கமாக, பரீட்சை எழுதின பையன் மாதிரி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அவளைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை.

"வந்துட்டியா."

"வந்துட்டேன் அங்கிள்."

"ஆபீஸ்ல குடுத்தனுப்பின பொட்டலத்தோட மாடியில அவன் ரெடியா இருக்கான். ஒரு சிட்டிகைதான்னு சொல்லியிருக்கேன்."

பெர்சிஸின் கை இரண்டிலும் நாலாத் தண்ணீர் பட்ட கையுறை. போனைத் தொட முடியாது. லட்சுமணன்தான் போட்டார், அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிடித்தவர் ஸ்பீக்கரையும் போட்டு வைத்தார்.

"எல்வின்... நான்தான். ரெடியா?"

குளியலறைச் சுவர்களில் எல்லாம் மோதி எதிரொலித்துக்கொண்டு அவன் குரல் வந்தது.

"எத்தன நாள் ஆச்சுங்க இந்தக் குரல் கேட்டு..."

பாலத்தில் எல்லாக் காதும் போன் பக்கம் திரும்பின.

"எல்வின், இருங்க. இங்க—"

"இல்ல, நக்கோ, இன்னைக்கு நிறுத்தாதீங்க. நேர்ல உங்க கண்ணப் பாத்தா எனக்குப் பேச்சு வராது. இங்க டைல்ஸத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், அதான் வருது."

அவள் லட்சுமணனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். ஸ்பீக்கரை நிறுத்துங்க... லட்சுமணனுக்கு அன்று கண்ஜாடை எதுவுமே புரியவில்லை.

"காவலுக்கு வராதன்னீங்க. வரல. ஆனா சனிக்கிழமை காலையில முழிப்பு வந்துருது. யாரோ ஒரு அம்மா உங்ககிட்ட கை குடுத்துட்டுத் தொடச்சுக்கிட்டாங்கன்னு லட்சுமணன் அண்ணன் ஒரு நாள் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. இந்தக் கையில ஒட்டின பச்சை போகறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. தெனமும் பாப்பேன். போயிருச்சேன்னு அவ்ளோ வருத்தமாயிருந்துச்சு... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, பெர்சிஸ். வாளி, பூட்ஸு, அந்தப் புழு, எல்லாத்தோடயும். எங்க அப்பா கத்துனா கத்தட்டும், அவரு அப்படித்தான், உள்ளுக்குள்ள—"

"ஏல!" ஏனோக் போனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "மொதல்ல ஃப்ளஷ்ஷ அழுத்துல!"

போனுக்குள் ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம். அநேகமாக மக். அப்புறம்... கனகம்பீரமாக, தண்ணீர் இறங்கும் ஓசை.

வீட்டு வாசலில் நின்ற லோயிஸ் ஆன்ட்டி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

எல்லாரும் நாலாவைப் பார்த்தார்கள். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட அந்தக் குழாய் வாய் காய்ந்து கிடந்தது. தூறல் புள்ளி புள்ளியாகத் தண்ணீரில் விழுந்தது. ஏனோக்கின் உதடு முணுமுணுத்தது, ஜெபமாக இருக்கலாம். பச்சை வரவில்லை... இன்னும் வரவில்லை...

"ஒச்சிந்தி!" மேன்ஹோல் பக்கம் இருந்து பூபாலன் குதித்தார். "இங்க வந்துருச்சு! பச்சை, பச்சை!"

கைதட்டினார்கள். ஏனோக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூறல்தானே போட்டிருந்தது.

"பாஸ், அங்கிள்" என்றாள் பெர்சிஸ்.

"குழாய் பாஸு" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள இருக்கானே, அந்தப் பீஸ பத்திச் சொல்லு. நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுதான். இருந்தாலும் நானே பாஸ் போட்டா சரியா வராது. அன்னைக்குப் படி ஏறாதன்னேன்... அதை மனசுல வைக்காத."

பெர்சிஸுக்குக் கண்ணெல்லாம் நீர். சிரிப்பும் வந்தது. கையுறைகளைக் கழற்றினாள். நாலாப் பக்கத்தில் அவள் கையுறை கழற்றி அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. கேன் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழங்கை வரை, நகத்து இடுக்கு வரை நிதானமாகக் கழுவினாள். அப்புறம் லட்சுமணனிடம் இருந்து போனை வாங்கினாள். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. கேட்கட்டும்.

"எல்வின்."

"எத்தன பேர் கேட்டாங்க?" குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"காலனி பூரா. ஒரு எருமையும்."

"நான் இனிமே இந்த பாத்ரூம விட்டு வெளிய வர மாட்டேங்க."

"வாங்க. கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு?"

"பிடிச்சுக்கத்தான்."

படிகளில் ஒரு ஆள் எத்தனை வேகமாக இறங்க முடியும் என்பதை அன்று பி.டி. மாஸ்டர் காட்டினார். வாசலைத் தாண்டி, தோண்டிய மண்ணைத் தாண்டி, கூட்டத்துக்கு நடுவே வந்து மூச்சிரைக்க நின்றான். அவசரத்தில் சரியாகக் கழுவியிருக்கவில்லை. விரல் நுனி ஐந்தும் கிளிப்பச்சை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கையை நீட்டினாள்.

அவன் பிடித்தான். யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை.

பிடித்தவன் விடுவதாகவும் தெரியவில்லை. ஏனோக் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகனின் கழுத்தில் வழக்கம்போலத் தொங்கிய விசிலை எடுத்துத் தன் வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினார்.

பீ...ங்!

இந்த முறை அவள் கை நழுவவில்லை.